மாயம் வல்லோர் யாரைக் கும்பிடுகிறார்கள்?

வானில் பறக்கவும் நினைத்த உருவம் எடுக்கவும் ஒரு சொல்லால் படையை மயக்கவும் வல்லவருக்குச் சமயம் எதற்கு? மந்திரமும் மாயமும் நிறைந்த மிகுபுனைவுக் கதைகளை விரும்பிப் படிப்போர் நெடுநாளாகக் கேட்டுவரும் கேள்வி இது. வேண்டியதெல்லாம் தன் கைக்குள்ளேயே கிடைக்கும்போது ஒருவன் இன்னொருவர் முன் ஏன் கைகூப்ப வேண்டும்? கூப்பினால் அது பக்தியா, பழக்கமா, பேரமா?

மேற்கே எழுதப்பட்ட புகழ்பெற்ற கதைகள் பலவும் இக்கேள்வியைத் தொடாமல் விலகிப் போகின்றன. டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். ஆனாலும் அவருடைய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் கோயிலோ பூசகரோ இல்லை என்றே சொல்லலாம். ஃபராமிரின் வீரர்கள் உண்பதற்கு முன் மேற்குத் திசையை நோக்கி ஒரு கணம் பேசாமல் நிற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வழிபாடு அநேகமாக அவ்வளவுதான். 1953இல் இயேசு சபைத் துறவியான நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சமய உணர்வு கதைக்குள்ளேயே கரைந்து கிடப்பதால்தான் சடங்குகளைத் தாம் விட்டுவிட்டதாக அவர் விளக்கினார். ரோலிங்கின் ஹாரி பொட்டர் உலகில் நத்தார்ப் பண்டிகை உண்டு, ஞானத்தந்தை உண்டு; 2007இல் வெளியான கடைசி நூலில் வரும் கல்லறைகளில் விவிலிய வாசகங்களும் உண்டு. ஆனால் தேர்வுக்கு முதல்நாளோ சாவுக்கு முன்னாலோ ஒரு மாணவனும் வாய்விட்டுச் செபிப்பதில்லை. லெ குவின் இன்னும் தெளிவாக எல்லை வகுத்தார். அவருடைய எர்த்சீயில் ரோக் தீவின் மந்திரவாதிகளுக்குக் கடவுள் வழிபாடு இல்லை. மந்திரத்தை வெறுக்கும் கார்காட் மக்களுக்குத்தான் கோயிலும் பூசாரிணிகளும். ஒரே கதையுலகில் மந்திரம் ஒரு தீவுக்கூட்டத்துக்கும் சமயம் இன்னொன்றுக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஐரோப்பாவின் வரலாறு நிற்கிறது என்றே கருதுகிறேன். சூனியக்காரிகள் என்று பழிசுமத்திப் பெண்களைக் கொளுத்திய நிலம் அது. மந்திரம் என்றால் சாத்தானோடு செய்த உடன்படிக்கை என்று பல நூற்றாண்டுகள் போதிக்கப்பட்ட இடத்தில், வாசகர் நேசிக்கத்தக்க மந்திரவாதி ஒருவனைப் படைக்க வேண்டுமானால் அவனைத் தேவாலயத்திலிருந்து தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் வழி. மந்திரம் பாடமாயிற்று, தேர்வு எழுதிச் சித்தியடையும் திறமையாயிற்று. திறமைக்கு நன்றி சொல்ல ஆசிரியர் போதும், கடவுள் தேவையில்லை.

திருகோணமலையிலிருந்து பார்க்கிறவருக்குக் கேள்வியே வேறு மாதிரித் தெரியும். துறைமுகத்தை ஒட்டிய இந்த நிலத்தில் எல்லாரும் அறிந்த மாயப் பாத்திரம் இராவணன். புட்பக விமானம் ஏறிப் பறந்தவன், பத்துத் தலையும் இருபது தோளும் கொண்டவன், மாய மானை ஏவிவிட்டுத் துறவியாக உருமாறி வந்தவன். அவனுக்குச் சமயம் உண்டா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அவன் சிவபக்தன் என்பதுதான் அவனைப் பற்றி இங்குள்ள பிள்ளைகள் முதலில் அறியும் செய்தி.

பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து, மான்கள் மேயும் பாதை வழியாக மேலே ஏறினால் கோணேசர் கோயில். அதன் பக்கத்தில் பாறை பிளந்து கடல்வரை இறங்கும் இடத்துக்கு இராவணன் வெட்டு என்று பெயர். கோணமலையைத் தட்சிண கைலாசம் என்பது மரபு. வடக்கே கைலையை இராவணன் பெயர்க்க முயன்ற கதை இந்தியா முழுவதும் தெரிந்தது. எல்லோராவின் பாறைச் சிற்பத்திலும் அது உண்டு. அந்தக் கதையில் அவனைத் தூண்டுவது செருக்கு. விமானம் மலைக்கு மேலே போக மறுக்கிறது, தடுத்த மலையையே பிடுங்கி எறியப் பார்க்கிறான். தெற்கே வந்தபோது எங்கள் ஊர் அந்தக் காரணத்தை மாற்றிவிட்டது. இங்கே சொல்லப்படும் கதையில் நோயுற்ற தாய் கைகசி கோணேசரைக் கும்பிட முடியாமல் தவிக்கிறாள். மகன் மலையையே தாயிடம் கொண்டுபோக நினைத்து வாளை ஓங்குகிறான். அந்த வெட்டுத்தான் இன்றைக்கும் நிற்கிறது.

இந்த மாற்றம் சின்ன விஷயமல்ல. வடகதையின் இராவணன், சிவன் கால்விரலால் அழுத்த மலைக்கடியில் நசுங்கிய பிறகே பக்தனாகிறான். நரம்பை யாழாக்கிச் சாமகானம் பாடி, சந்திரகாசம் என்ற வாளைப் பெறுகிறான். கோணமலைக் கதையில் அவன் பக்தி நிறைந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். தவறும் பக்தியிலிருந்தே பிறக்கிறது. தாய் கும்பிடும் கடவுளை எடுத்துச் செல்லக்கூடிய பொருளாக நினைத்ததுதான் அவன் செய்த பிழை. மாயசக்தி உள்ளவனுக்கு மட்டுமே நேரக்கூடிய சமயப் பிழை அது. சாதாரண மகன் தாயைத் தோளில் சுமந்து மலையேறியிருப்பான். மலையைத் தூக்கும் வலு இருந்ததனால்தான் இவனுக்குத் தாயைத் தூக்கத் தோன்றவில்லை. மாயம் வல்லவனின் நம்பிக்கை எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு நான் அறிந்த கதைகளுள் மிக நுட்பமான விடையை இந்த ஊர்க்கதையில்தான் காண்கிறேன்.

கதை அத்துடன் முடியவில்லை. அநுராதபுரம் வீதி வழியே போனால் கன்னியா. வெவ்வேறு சூட்டில் நீர் ஊறும் ஏழு கிணறுகள் அங்கே அருகருகே உள்ளன. தாய் இறந்துபோக, அவளுக்குக் கிரியை செய்வதற்காக இராவணன் நிலத்தில் குத்திய இடங்களே அவை என்பார்கள். கதையின் ஒரு வடிவத்தில் திருமால் அந்தணராக வந்து அவனுக்குச் சாவுச் செய்தியைச் சொல்லிக் கிரியையையும் செய்விக்கிறார். திருகோணமலைச் சைவர்கள் அந்தியேட்டிக்கும் பிதிர்க்கடனுக்கும் நாடிப்போகும் இடம் அது. இறந்தவரை எழுப்பும் மந்திரம் இராவணனிடம் இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு மேல் அவனாலும் எதுவும் செய்ய முடியவில்லை. சாவுவீட்டில் அரக்கனும் அயலவனும் ஒன்றே என்று கதை வைத்திருப்பதனால்தான் இத்தனை தலைமுறைகளாக மக்கள் அந்தக் கிணற்றடிக்குப் போய்வருகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் கோணமலைமீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. இராமேச்சுரத்தில் இருந்தபடியே பாடினார் என்கிறது பெரியபுராணம். சம்பந்தரின் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டு இராவணனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அவன் மலையெடுத்ததும் விரலால் நெரிபட்டதும் பின் அருள்பெற்றதும் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு சமயம் தன் வழிபாட்டுப் பாடலிலேயே ஓர் அரக்கனுக்கு நிலையான இடம் கொடுத்திருப்பதை என்ன சொல்வது! மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்க்கச் சமணரும் சம்பந்தரும் போட்டியிட்டபோது, அவர்கள் மயிற்பீலியால் தடவி மந்திரம் சொன்னார்கள் என்றும் இவர் நீறு பூசிப் பாடினார் என்றும் மரபு சொல்லும். அந்த நீற்றுப் பதிகத்திலும் நீறு அணிந்தவர் வரிசையில் இராவணன் வருகிறான். கோயில் திருவிழாக்களில் இராவணன் கைலையைத் தாங்கியபடி இருக்கும் கைலாச வாகனத்தில் சுவாமி வீதியுலா வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர்க்க முயன்றவன் சுமப்பவனாக நியமிக்கப்பட்டுவிட்டான்.

ஆனால் மாயம் வல்லோரின் பக்தியெல்லாம் இப்படி மனம் உருக்குவதில்லை. நம் புராணங்களில் அதிகம் காண்பது வேறொரு வகை: தவம் செய்து வரம் வாங்குவது. அரக்கன் சாப்பாட்டை விடுகிறான், நெருப்பு நடுவில் நிற்கிறான், கடவுள் தோன்றுகிறார், அவன் ஒரு பட்டியலை நீட்டுகிறான். இங்கே மாயசக்தி முழுவதும் வழிபாட்டிலிருந்து கிடைத்த வருமானம். பள்ளியில் கற்ற மந்திரத்துக்கும் தவத்தால் பெற்ற மந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதைக் கொண்டவன் நாத்திகனாக இருக்கவே முடியாது. கொடுத்தவரை நேரில் கண்டவன் அவன். ஆகவே இத்தகைய பாத்திரத்திடம் கடவுள் உண்டா என்ற ஐயம் எழாது. கண்டபின்னும் அவன் ஏன் திருந்தவில்லை என்பதே கதை.

இந்திரசித்து இதற்குத் துல்லியமான சான்று. நிகும்பலையில் அவன் வேள்வி செய்வது வெல்லமுடியாத வலிமை பெறுவதற்காக. அவனுக்கு ஆகுதியும் ஆயுதமும் ஒரே கணக்கில் வரும். கம்பர் அவனை அந்த நிலையிலேயே விட்டுவிடவில்லை. இலக்குவன்மேல் ஏவிய தெய்வப் படைகள் ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போனதைக் கண்ட பின், தந்தையிடம் திரும்பிவந்து சீதைமீதுள்ள ஆசையை விட்டுவிடுமாறு சொல்கிறான். தன் மந்திரம் ஏன் பலிக்கவில்லை என்று சிந்தித்து அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறான். தந்தை கேட்கவில்லை, மகன் மறுபடியும் போருக்குப் போய் மடிகிறான். உண்மை தெரிந்த பின்னும் தந்தைக்காகப் போகும் அந்தக் கடைசிப் பயணத்தில் இந்திரசித்து பெரிய பாத்திரமாகிவிடுகிறான்.

சூரபதுமன் கதை ஈழத்தவருக்கு இன்னும் நெருக்கமானது. கச்சியப்பரின் கந்தபுராணத்தைக் கோயிலில் இருந்து படித்துப் பயன் சொல்லும் வழக்கம் இங்கே ஆழ வேரூன்றியது. பண்டிதமணி கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று ஒரு வாழ்முறையையே அதன் பெயரால் அழைத்தார். மாயை என்ற தாய்க்குப் பிறந்த சூரன் தன் தசையை அரிந்து வேள்வித் தீயில் இட்டு, கடைசியில் தானே தீயில் பாய்ந்து வரம் பெற்றவன். ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆள்வது அவன் வாங்கிய வரம். ஐப்பசி மாதம் கந்தசட்டி முடிவில் நடக்கும் சூரன்போரில் யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி மாற்றி வைக்கப்பட்டுக் கூட்டம் ஆரவாரிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேடிக்கையாகத் தெரிவது அது. நூலுக்குள் போனால் நெஞ்சை உலுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். சூரனுக்குக் கோபம் கரைகிறது. வலம் வர வேண்டும், தொழ வேண்டும், அடிமையாக வேண்டும் என்று அவன் உறுப்புகளெல்லாம் விரும்புகின்றன. ஆனால் மானம் என்ற ஒன்று தடுக்கிறது. பேருரு மறைந்ததும் பழைய பகையே திரும்பி வந்துவிடுகிறது. நம்ப விரும்பியும் நம்ப முடியாமற்போன ஒரு மாயாவியின் உள்ளத்தை இத்தனை நேர்மையாகச் சொன்ன இடம் உலக மிகுபுனைவில் அதிகம் இருக்காது. புராணபடனத்தில் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

தவத்தையும் பேரத்தையும் திரைப்படம் எளிமையாக்கிக் கொண்டது. 1951இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ். வி. ரங்காராவின் நேபாள மந்திரவாதி அம்மனின் பக்தன்தான். வீரம் மிக்க இளைஞன் ஒருவனைப் பலி கொடுத்தால் அருள் கிட்டும் என்று தேடியலைகிறான். இளைஞன் மந்திரவாதியையே பலியாக்கிவிட, அம்மன் அதையும் ஏற்று அவனுக்கு வரம் தருகிறாள். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்தைக் கொண்டுவரச் சொல்லும் முனிவனுக்கு நேர்வதும் இதுதான். யார் கொடுத்தாலும் பலி பலியே என்ற இந்தக் கணக்கில் தெய்வம் ஒரு கடைக்காரராகச் சுருங்கிவிடுகிறது. சிறுவயதில் அம்புலிமாமாவில் படித்தபோது பரபரப்பாக இருந்தது உண்மை. ஆனாலும் கோணமலைக் கதைக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த வகை மெலிந்தே காணப்படுகிறது.

பேய்களுக்கு வருவோம். அவை அஞ்சத்தக்கவை, விரட்டத்தக்கவை என்பது பொது எண்ணம். தமிழ் இலக்கியப் பேய்களோ ஆழ்ந்த சமயப் பற்று உள்ளவை. கலிங்கத்துப்பரணியில் அவை காளியின் குடிகள். பசியைச் சொல்லி அழுவதும் அவளிடம்தான், போர்க்களத்தில் கூழ் அட்டு முதலில் படைப்பதும் அவளுக்குத்தான். இமயத்தில் மாயவித்தை கற்ற முதுபேய் ஒன்று காளியின் முன் இந்திரசாலம் காட்டும் பகுதி வேறு உண்டு. வித்தை கற்றவர் தன் தெய்வத்திடம் அரங்கேற்றம் செய்வதாகவே அது அமைந்திருக்கிறது.

காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். அழகான மனைவி, கணவன் அஞ்சி விலகிய பின், உடலின் தசையை உதறிவிட்டுத் தலையால் நடந்து கைலைக்குப் போகிறார். திருவாலங்காட்டில் ஆடும் இறைவனின் அடியில் இருந்து பாடுவதுதான் அவர் கேட்டது. இந்தத் திருவாலங்காட்டுக்கு அயலூர் பழையனூர். நீலி என்ற பழிவாங்கும் பேயின் ஊர். அந்த நீலியை எடுத்துக்கொண்டு சமணப் புலவர் ஒருவர் நீலகேசி என்ற காப்பியத்தையே செய்துவிட்டார். உயிர்ப்பலி நின்றதால் சினந்த தெய்வத்துக்காக, தவம் செய்யும் முனிச்சந்திரரை அச்சுறுத்த வருகிறாள் நீலி. என்ன உருக் காட்டியும் அவர் அசையவில்லை. தன் மாயம் தோற்ற இடத்தில் அவள் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள், அவரிடம் அறம் கேட்கிறாள், பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தரோடும் பிற சமயத்தாரோடும் வாதம் செய்கிறாள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் இந்நூலை உரையோடு பதிப்பித்தார். பேய் ஒன்று தருக்க நூல் கற்ற சமயவாதியாக மாறுவதைக் கருவாகக் கொண்ட காப்பியம் பத்து நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் இருந்தும், மிகுபுனைவு எழுதும் நம் இளையோர் கையில் அது அரிதாகவே தென்படுகிறது.

நீலகேசியில் மாயத்துக்குப் பின் அறிவு வருகிறது. மணிமேகலையில் இரண்டும் ஒரே பெண்ணுக்குள் அருகருகே இருக்கின்றன. கடல் தெய்வம் அவளைத் தூக்கத்தில் மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுவருகிறது; பலர் அதை நயினாதீவு என்பர். அங்கே புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பை உணர்கிறாள். மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன: வேற்றுரு எடுக்க ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. பின்னர் அமுதசுரபியும் கைக்கு வருகிறது. வேறு எந்தக் கதையிலும் இப்படிப்பட்ட நாயகி உடனே பகைவரை வெல்லப் புறப்படுவாள். இவள் பசித்தவருக்குச் சோறிடுகிறாள், சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். அதற்கும் பிறகு வஞ்சிக்குப் போய்ச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இளம்பெண்ணிடம் அவர்கள் பேசமாட்டார்கள் என்பதால் வேற்றுரு மந்திரத்தைச் சொல்லித் துறவியின் வடிவில் போகிறாள். கல்வி கேட்பதற்காக மாயம் பயன்படும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அத்தனை ஆற்றல் இருந்தும் பிறவிச் சிக்கலுக்கு மந்திரத்தில் விடையில்லை என்று அவளுக்குத் தெரியும். காஞ்சியில் அறவண அடிகளிடம் அமர்ந்து அறம் கேட்ட பின்னரே நூல் முடிகிறது.

மூதூரிலும் கிண்ணியாவிலும் இதே கேள்வி ஜின்களைப் பற்றியது. ஜின்கள் நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை, மனிதரைப் போலவே நம்பவும் மறுக்கவும் உரிமை உள்ளவை என்பது இஸ்லாமிய நம்பிக்கை. குர்ஆனில் ஜின் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. வேதம் ஓதக் கேட்டு ஜின்களின் கூட்டம் ஒன்று ஈமான் கொண்டதை அது சொல்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இதைத் தனிப் படலமாகவே பாடியிருக்கிறது. ஓதிப் பார்த்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல், இசிம் எழுதிக் கட்டுதல் எல்லாம் இந்தப் பின்புலத்தில் நிற்பவை. மாய இனம் ஒன்றுக்கு மனிதருக்குள்ள அதே சமயப் பொறுப்பையும் கணக்குக் கேட்கும் நாளையும் வைத்த மரபு இது. அராபிய இரவுகளில் மீனவன் வலையில் சிக்கிய குடத்துக் கதையையும் நினைத்துக்கொள்ளலாம். சுலைமான் நபியை எதிர்த்ததற்காக அடைக்கப்பட்ட ஜின் வெளியே வந்தவுடன் அவரிடமே மன்னிப்புக் கேட்டுக் கதறுகிறது. அவர் காலமாகி 1800 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று மீனவன் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜின்னின் பணிவு எவ்வளவு மேலோட்டமானது என்பது அடுத்த நொடியே வெளிப்படுகிறது. அஞ்ச ஆளில்லை என்று தெரிந்ததும் விடுவித்தவனையே கொல்லப் பார்க்கிறது.

கிறித்தவப் பக்கத்துக்கு இந்த ஊரே ஒரு சான்று வைத்திருக்கிறது. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை' ஈழத்தின் தொடக்ககாலத் தமிழ் நாவல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஓர்சன், வலன்டைன் என்ற இரட்டையரைப் பற்றிய ஐரோப்பிய இடைக்காலக் கதையைத் தழுவியது அது. ஒருவனைக் கரடி வளர்க்கிறது, மற்றவன் அரச மாளிகையில் வளர்கிறான். மூலக்கதையில் பேசும் பித்தளைத் தலை உண்டு. மரக்குதிரையில் பறக்கும் பக்கோலே என்ற குள்ள மந்திரவாதியும் உண்டு. கதை முழுவதும் கிறித்தவர் ஒரு பக்கம், சரசானியர் மறுபக்கம். மந்திரம் கற்ற குள்ளன் கிறித்தவ வீரர்களுக்கு உதவுகிறான்; அரசியின்மேல் பொய்ப்பழி சுமத்தி அவளைக் காட்டுக்குத் துரத்தவைப்பவனோ உயர்ந்த குருவானவன். யார் கையில் சிலுவை, யார் கையில் மந்திரம் என்பதை வைத்து நல்லவனைக் கண்டுபிடிக்க முடியாதபடி பழைய ஐரோப்பியக் கதை பின்னப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் வந்த கடும் பிரிவினை அதில் இன்னும் முற்றவில்லை. தமிழில் நாவல் என்ற வடிவம் தவழத் தொடங்கிய நாளில் இந்தத் துறைமுக ஊரில் ஒருவர் தேர்ந்தெடுத்த கதை இது என்பது பெருமையோடு நினைக்கத்தக்கது. இதே ஊரின் சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி'யை 1895இல்தான் எழுதினார்.

கதைப் பாத்திரங்களை விட்டு, கிழக்கிலங்கையில் உண்மையாகவே மந்திரம் சொல்லும் கட்டாடியாரையும் பூசாரியாரையும் கவனித்தால் ஒன்று விளங்கும். பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மட்டக்களப்பாரைப் பற்றி யாழ்ப்பாணத்தார் அச்சத்தோடு சொல்லிவந்தது பழைய பேச்சு. ஆனால் மந்திரிக்கிறவர் தன் பெயரால் எந்தப் பேயையும் போகச் சொல்வதில்லை. பிள்ளையாரை முன்வைத்துத் தொடங்குவார், காளியின் ஆணை, வயிரவர் ஆணை என்று ஒரு பெரிய பெயரைச் சொல்லித்தான் கட்டளையிடுவார். விரதமும் துப்புரவும் தவறினால் மந்திரம் தன்மேலேயே திரும்பும் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. சொந்தமாகச் சக்தி வைத்திருக்கும் மந்திரவாதி என்ற எண்ணமே இந்த மண்ணின் வழக்கத்துக்குப் புறம்பானது. நம் புனைவுகளில் மாயமும் வழிபாடும் ஏன் பிரியாமல் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது இந்தப் பிணைப்பு தளர்ந்து வருகிறது. அண்மைக்காலத்தில் இலங்கை முழுவதும் பேசப்படும் இராவணன் பழைய கோணேசர் பக்தன் அல்ல. விமானம் செய்தவன், வானியல் அறிந்தவன், முதல் விமானி என்று அவனைக் கொண்டாடுகிறார்கள். 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் சிறு செய்மதிக்கு ராவணா-1 என்று பெயர். தன் நாட்டுக் கதைமாந்தனின் பெயரை ஒரு நாடு விண்ணுக்கு அனுப்புவதில் எனக்கு மனக்குறை கிடையாது. ஆனால் பொறியியலாளனாக மாறிய இராவணனுக்குத் தாய் இல்லை, மலை இல்லை, நெரித்த விரல் இல்லை, பாட்டு இல்லை. பள்ளிக்கூட மந்திரவாதிக்கு மேற்கில் நேர்ந்தது இவனுக்கு இங்கே நேர்கிறது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் போக முடியாது. மிக முன்னேறிய தொழில்நுட்பம் பார்ப்பவருக்கு மாயமாகவே தோன்றும் என்ற கருத்தை விதியாகவே எழுதிவைத்தவர். அவரும் நண்பர் மைக் வில்சனும் 1956இல் கோணமலையடியில் கடலுக்குள் மூழ்கித் தேடியபோது, 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரோபேன்' நூலில் அதைப் பற்றி எழுதினார். கடலிலிருந்து மீட்ட இலிங்கத்தோடு திருத்தப்பட்ட கோயிலுக்கு 1963இல் கும்பாபிடேகம் நடந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவரின் நீச்சல் ஒரு கோயிலின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

அதே கிளார்க் 1979இல் வெளியிட்ட 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலை இராவணன் வெட்டின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தப்ரோபேன் என்ற தீவில், பிக்குகள் வாழும் புனித மலை ஒன்றின்மேல் விண்ணுக்கு மின்தூக்கி கட்ட விரும்புகிறான் மோர்கன் என்ற பொறியியலாளன். மலை வேண்டும், மலையில் வழிபாடு இருக்கிறது. மலையை வைத்திருப்பவர்கள் முதலில் இணங்கவில்லை. பிறகு பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மலை கைமாறும் என்ற பழங்கதை, வானிலையைக் கட்டுப்படுத்தும் கருவியால் எழுந்த புயலில் பலித்துவிட, பிக்குகள் தாமாகவே இறங்கிப் போகிறார்கள். மோர்கன் யாரையும் கும்பிடுவதில்லை. தன் கோபுரத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றிவிட்டு இதயம் நின்று சாகிறான். மலையைப் பெற்றும் அவனுக்கு அதன் அடியில் நின்று பாட ஒரு பாட்டு இல்லை; ஆனாலும் மற்றவர் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறான். கோணேசர் மலையடியில் மூழ்கி எழுந்த மனிதர் எழுதிய இந்தக் கதையையும் அந்த மலையின் சொந்தக் கதையையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பிக்கும் நாள் வந்தால், இலக்கியம் கற்கும் எங்கள் பிள்ளைகள் இருவரில் யாருடைய நம்பிக்கை ஆழமானது என்று வாதிடுவார்கள். இராவணன் பக்கம் பேச எனக்குச் சொற்கள் நிறைய உண்டு. மோர்கன் பக்கமும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது.